கச்சான் காற்றும் ஒரு கைப்பேசி வடமும்

யாரும் முயலாமல் தானாக நிகழும் எதனையும் நான் நம்பியதில்லை. முந்திரிப் பழம் தானாக உதிர்ந்தாலும், கிளையை உலுக்கியவர் யார் என்று அண்ணாந்து பார்க்கும் இயல்பினன். இந்த நம்பாமையை அறிவின் அடையாளம் என்று நெடுங்காலம் கருதியிருந்தேன். ஒரு மழைநாள் பிற்பகலில், ஒரு முழ நீள வெண்ணிற வடம் அக்கருத்தைத் திருத்தியது. திருத்தத்தைக் கண்ணாரக் கண்டவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது.

நான் பணி நிறைவு பெற்ற தமிழ்ப் பேராசிரியன். கந்தர்வக்கோட்டைக்கு அருகில், முந்திரித் தோப்பின் ஓரமாக அமைந்த வீட்டில் நானும் என் மனைவி சிவகாமியும் வாழ்கிறோம். நான் கணினி என்பதை அவள் லேப்டாப்பு என்பாள்; நான் இணைவடம் என்பதை அவள் வயர் என்பாள். மொழிபெயர்ப்பாளர் எவரும் இன்றியே எங்கள் இல்லறம் நாற்பதாண்டுகளைக் கடந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு இணையம் கொண்டுவந்த கம்பி, சாலையை அகலப்படுத்த வந்த பொக்லைன் இயந்திரத்தின் பல்லில் சிக்கி அறுந்தது. பெங்களூரில் பணியாற்றும் மகள் தேன்மொழியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அப்பா, உங்க போனையும் லேப்டாப்பையும் அந்த வெள்ளை வயரால சேத்து விடுங்க. அவ்ளோதான்."

"அதன்பின் நான் செய்ய வேண்டியது?"

"ஒண்ணும் செய்யாதீங்க. போனைப் பாத்ததும் லேப்டாப்பே நெட்டை எடுத்துக்கிரும். போன தடவை வந்தப்பவே எல்லாத்தையும் செட் பண்ணி வச்சுட்டேன்."

"யாரும் கட்டளை இடாமலா?"

"ஆமாப்பா. சொருகுங்க, கையை எடுத்துருங்க. எனக்கு மீட்டிங் இருக்கு."

செருகினேன், கையை எடுக்க மனம் வரவில்லை. சில நொடிகள் ஒன்றும் நிகழாமையால், வடத்தின் முனையைத் துண்டால் துடைத்து மீண்டும் செருகினேன். கைப்பேசியை ஒரு சாண் கிழக்கே நகர்த்தினேன். கணினியின் மூடியைச் சற்றே சாய்த்தேன். கண்ணாடியைக் கழற்றி மாட்டினேன். இப்படி இன்னும் சிலவும் செய்தேன். அவ்வேளையில் இணையம் வந்தது. (அதற்கு அந்தச் சில நொடிகள் போதுமாயிருந்தன என்பதை இன்று அறிவேன்.) அன்றோ, நான் செய்த பதினொரு செயல்களையும் வரிசை பிறழாமல் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது ஒன்பதாவது. இந்தப் பதினொன்றையும் முறைப்படி செய்யாமல் இணையம் வாராது என்பது என் உறுதியான முடிபு.

இந்த முடிபோடுதான் நிஷாவின் இணையவழி வாய்மொழித் தேர்வுக்கு அமர்ந்தேன்.

நிஷா கோட்டைப்பட்டினத்து மீனவர் மகள். கடற்கரை மக்கள் காற்றுகளுக்கு வழங்கும் பெயர்களை ஆராய்ந்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு அளித்திருந்தாள். அதை மதிப்பிட அமர்த்தப்பட்ட புறத்தேர்வாளன் நான். மறுநாள் காலை அவளுக்கு ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் பணிக்கான நேர்காணல். அன்று மாலைக்குள் தேர்வு முடிந்து நான் ஒப்பமிட்டால்தான் அவள் அங்கே போய் நிற்க முடியும். அவளுடைய நெறியாளர் இதை என்னிடம் மும்முறை சொல்லியிருந்தார்.

நன்றாக அறிந்திருந்தும், "ஐந்தாம் இயலைத் திருத்தி மீள அளிக்க வேண்டும்" என்று வரைந்த அறிக்கையை என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். திருத்தி அளிக்க ஆறு திங்கள் ஆகும். காரணம் இதுதான்: கச்சான் என்னும் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுவது என முப்பதாண்டுகளுக்கு முன் ஒரு நூலில் நான் எழுதியிருந்தேன். அது மேற்கிலிருந்து எழுந்து கரையிலிருந்து கடலுக்குப் போவது என்று ஐந்தாம் இயலில் அந்தப் பெண் எழுதியிருந்தாள். என் பெயரை மிகுந்த பணிவோடு குறிப்பிட்டுத்தான் மறுத்திருந்தாள். அந்தப் பணிவு என்னை மேலும் சுட்டது.

பிற்பகல் இரண்டு மணி. மேலே வெண்சட்டை, சரிகை மேல்துண்டு. கீழே கட்டம் போட்ட கைலி. (மேசைக்குக் கீழே உலகம் பார்க்காது அன்றோ?) பதினொரு செயல்களையும் முடித்தேன், இணையம் வந்தது. திரையில் கல்லூரி அரங்கம் தெரிந்தது. முன்வரிசையில் நெறியாளர்; நடுவில் இளம்பச்சை முக்காட்டில் நிஷா. அவளுக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு, நாற்காலி கொள்ளாத தோள்களோடு ஒருவர் அமர்ந்திருந்தார். விசைப்படகு ஓட்டும் அவளுடைய தந்தை (அவள் வழக்கில் அத்தா) அவரே என்று நெறியாளர் அறிமுகம் செய்தார்.

முதல் வினாவைத் தொடுத்தேன். அது முடியப் பத்து நிமிடத்துக்கு மேலாயிற்று. வினாவின் பெரும்பகுதி என் நூலிலிருந்தே எடுத்த மேற்கோள்.

நிஷா நீர் அருந்திவிட்டுச் சொன்னாள்: "ஐயா, உங்க நூலைப் படிச்சுத்தான் நான் இந்த ஆய்வுக்கே வந்தேன். ஆனா எங்க கரையில யாரைக் கேட்டாலும், கச்சான்னா மேக்கேயிருந்து கடலுக்குப் போற காத்துன்னுதான் சொல்றாங்க ஐயா."

"யாரைக் கேட்டாலும் என்பது சான்று ஆகாது, அம்மா" என்றேன், குரலைத் தாழ்த்தி. தாழ்த்திய குரல் கூடுதலாக அச்சுறுத்தும் என்பது ஆசிரியத் தொழில் கற்பித்த பாடம்.

அப்போது இடி இடித்தது.

எங்கள் வீட்டில் இடிக்கென்று ஒரு நடைமுறை உண்டு. முதல் இடி கேட்டதும் சிவகாமி எழுவாள். தொலைக்காட்சி, குளிர்பெட்டி, மோட்டார், மிக்ஸி என்று வரிசையாகச் செருகிகளைப் பிடுங்குவாள். இடி ஓய்ந்த பின் அதே வரிசையில் மீண்டும் செருகுவாள். ஒரு முறை பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி இடியில் கருகியதைப் பார்த்தது முதல் இதில் அவளுக்கு விலக்கே கிடையாது.

"ஏங்க, இடி இப்புடி இடிக்கிது. இந்த வயர் மட்டும் சொகுசாக் கெடக்கு?" என்று வந்தவள், கணினிக்கு மின்சாரம் தந்த கம்பியோடு என் வெண்ணிற வடத்தையும் பிடுங்கிவிட்டாள். திரையில் நிஷாவின் முகம் பாதிச் சொல்லில் உறைந்தது.

"அடி, அங்கே வாய்மொழித் தேர்வு நடக்கிறது!"

"வீடு இருந்தாத்தான தேர்வு. செத்த நேரம் சும்மா இருங்க."

கைப்பேசியை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனாள். நான் நாற்காலியைச் சாளரத்தின் பக்கம் திருப்பிச் சாய்ந்தேன். மழை வந்தது. முந்திரி இலைகளின் மேல் முதலில் தனித்தனியாக, பிறகு ஒரே ஓசையாக. செம்மண்ணின் மணம் சாளரக் கம்பிகளின் வழியே மெல்ல ஏறி அறையை நிறைத்தது. தோப்பின் அடிமரங்கள் ஒவ்வொன்றாக மங்கின. மரங்களுக்கு அப்பால் வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று புலப்படவில்லை. காற்று வந்து வந்து போயிற்று. நாற்காலி அசைவது போலவும், நான் எங்கோ ஒரு சாம்பல் நிற நீர்ப்பரப்பில் மிதப்பது போலவும் இருந்தது. விழித்திருந்தேனா உறங்கினேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இடி எப்போதோ தொலைவுக்குப் போய்விட்டது. பின்னால் சிவகாமி நடமாடும் ஓசை கனவுக்குள் கேட்பது போல் கேட்டது. ஏதோ ஒரு சிறு மணியோசை ஒலித்தது. கூரை இறவாணத்திலிருந்து சொட்டிய துளி ஏனத்தில் விழுந்ததென எண்ணினேன். மீண்டும் இணைய வேண்டுமானால் பதினொரு செயல்கள் இருக்கின்றனவே. இன்னும் கொஞ்சம் மிதக்கலாம் என்று கண்களை மூடிக்கொண்டேன்.

சிவகாமி சுக்குக் காப்பியோடு பக்கத்தில் வந்து அமர்ந்தாள். "அந்தப் புள்ளையப் பாத்தாப் பாவமா இருந்துச்சு. என்னத்தக் கேட்டு அப்புடி மெரட்டுனீங்க?"

மழைக்கு ஒரு தன்மை உண்டு. அது மனிதனை உண்மை பேச வைக்கும். மேடைகளில் நாற்பதாண்டு காத்த செந்தமிழ் எங்கோ கரைந்து, பிறந்த ஊரின் பேச்சு என் வாயில் வந்தது.

"சிவகாமி, அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி."

"பெறகு என்னத்துக்கு அதட்டுனீங்க?"

"பொஸ்தகத்துல நான் தப்பா எழுதிட்டேன். முப்பது வருசமா ஒருத்தனும் கண்டுபிடிக்கல. இவ கண்டுபிடிச்சுட்டா."

"மூணு நாளு கடல்ல கெடந்து எழுதுனேன்னு முன்னால போட்டிருக்கீங்களே?"

"எங்க கெடந்தேன்? கரையோரமா நின்ன படகுல ஏறி உக்காந்தேன். அது லேசா ஆடுச்சு. அம்புட்டுதான், வாந்தி வந்துருச்சு."

"நின்ன படகுலயா?"

"கவுறு போட்டுக் கட்டியிருந்துச்சு."

சிவகாமி காப்பியை வைத்துவிட்டாள். "அப்பறம் எப்புடி எழுதுனீங்க?"

"மூணு நாளும் லாட்ஜுல படுத்துக் கெடந்தேன். ஒரு பாய் வந்து பக்கத்துல உக்காந்து, கச்சான் இங்கிட்டிருந்து அங்கிட்டுப் போகும்னு கையக் காட்டுனாரு. நான் தலகாணிய மாத்திப் போட்டுப் படுத்திருந்தேன். எனக்குக் கெழக்கு எது, மேக்கு எதுன்னு கொழம்பிப் போச்சு. எந்திரிச்சுச் சன்னலத் தொறந்து பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். தல சுத்துச்சேன்னு எந்திரிக்கல."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"திருத்தி எழுதுன்னு சொல்லிட்டா ஆறு மாசம் ஓடிரும்."

"நாளைக்கு அதுக்கு இண்டர்வியூன்னு சொன்னீங்களேங்க!"

"நெனச்சா எனக்கே கேவலமாத்தான் இருக்கு" என்று மட்டும் முணுமுணுத்தேன். மழையின் ஓசை காதுக்குள் அலையோசையாக மாறிக்கொண்டிருந்தது. அந்த அலைகளின் நடுவிலிருந்து ஒரு கனத்த குரல் எழுந்தது:

"அதான பாத்தேன்!"

முப்பதாண்டுகளுக்கு முன் லாட்ஜில் கையைக் காட்டிய அந்த மனிதரே கனவில் வந்துவிட்டார் என்று எண்ணினேன். கண்ணைத் திறக்காமலே, மிகுந்த தாழ்மையோடு, "பாய், படகை ஆட்டாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன்.

சிரிப்பு வெடித்தது. ஒருவர் சிரிப்பன்று, ஓர் அரங்கத்தின் சிரிப்பு. துள்ளி எழுந்து திரும்பினேன். (கட்டம் போட்ட கைலி அப்போதுதான் உலகுக்கு அறிமுகமாயிற்று.) திரையில் அத்தனை பேரும் அசைந்துகொண்டிருந்தார்கள். நெறியாளர் கூரையின் மின்விசிறியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஷா இரு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தாள். அவளுடைய அத்தா எழுந்தே நின்றுவிட்டார்.

"சார், கச்சான் கடல்லேர்ந்து கரைக்கு வீசுறதா இருந்தா, நாங்கள்லாம் எப்பவோ படகோட அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னுருப்போம்!"

"அத்தா, உக்காருங்க, தேர்வு நடக்குது" என்று நிஷா அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் மேசையைப் பார்த்தேன். வெண்ணிற வடத்தின் ஒரு முனை கைப்பேசியிலும் மறுமுனை கணினியிலும் இருந்தன. முனை துடைக்கப்படவில்லை. கைப்பேசி கிழக்கே நகர்த்தப்படவில்லை. என் கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

"நீ என்ன செய்தாய்?" என்றேன்.

"இடி நின்னுச்சு. எல்லாத்தையும் சொருகுனேன். போனுக்குச் சார்ஜ் ஏறட்டுமேன்னு இதையும் சொருகுனேன்" என்றவள், அப்போதுதான் திரையை நேராகப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கைகுவித்தாள். "கும்புடுறேங்க. எல்லாரும் சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டோம்மா" என்று அரங்கம் ஒரே குரலில் விடை கூறியது. என் வினாக்களுக்கு அன்று அப்படியொரு மறுமொழி கிடைக்கவில்லை.

நெறியாளர் தொண்டையைச் செருமினார். "ஐயா, அடுத்த வினா?"

அந்தக் கணத்தில் நான் செய்யக்கூடியவை இரண்டே. ஒன்று, வடத்தை மீண்டும் பிடுங்குவது. கை அங்கே போகவும் செய்தது. சிவகாமி வடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் அமர்ந்தேன். மேல்துண்டைச் சரிசெய்தேன்.

"வினா எதுவும் இல்லை. ஆய்வாளர் கூற்றே சரி. என் நூலின் அப்பகுதி பிழையானது. அதன் முன்னுரையும்" என்று இங்கே சற்று நிறுத்த வேண்டியிருந்தது, "முழுமையாக மெய்யன்று. பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன்."

நிஷா அழுதாள். நான் மிரட்டியதால் அன்று. இழுப்பறையில் இருந்த அறிக்கையைக் கிழித்துப் புதியதொன்று எழுதி ஒப்பமிட்டு, படமெடுத்து அந்த வடத்தின் வழியாகவே அனுப்பினேன். நான்கு மணிக்குள் முடிவு அவள் கையில் இருந்தது. மறுநாள் நேர்காணலுக்குப் போனாள், பணியும் பெற்றாள். பதினொரு செயல்கள் எழுதிய குறிப்பேட்டைத் தேன்மொழி அடுத்த விடுமுறையில் கண்டெடுத்து, ஒன்பதாவதைப் படித்துவிட்டுத் தரையில் அமர்ந்து சிரித்தாள்.

அதற்கடுத்த ஆண்டு அந்த ஆய்வேடு நூலாக வெளிவந்தது. நிஷாவும் அவள் அத்தாவும் ஒரு படியை நேரிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஐந்தாம் இயலில், கச்சான் பற்றிய பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில் இப்படி ஒரு குறிப்பு: "இக்காற்று கடலிலிருந்து வீசுவது என்னும் முந்தைய விளக்கம் பிழை என்பதை அந்நூலாசிரியரே ஒப்புக்கொண்டுள்ளார். உண்மையைக் கேட்டறிந்து வெளிக்கொணர்ந்தவர்: திருமதி சிவகாமி, கந்தர்வக்கோட்டை."

அந்நூல் இப்போது என் அலமாரியில் இல்லை. கூடத்தில், வருவோர் கண்ணில் படும் இடத்தில், அந்தப் பக்கத்தில் ஒரு தென்னங்குச்சி செருகி வைக்கப்பட்டிருக்கிறது. உறவினர், முந்திரி வியாபாரி, அஞ்சல்காரர் என யார் வந்தாலும் தண்ணீர் கொடுத்த கையோடு சிவகாமி அதை எடுத்து விரிக்கிறாள். நான் பக்கத்தில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பது போல் இருப்பேன்.

"இவுங்க இதுவரைக்கும் பத்தொம்பது பொஸ்தகம் எழுதியிருக்காங்க" என்று தொடங்குவாள். "ஒண்ணுலயாச்சும் எம் பேரு இருக்கான்னு கேளுங்க."