மாதிரிக்கு உட்கார்ந்த உடும்பு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. வேண்டுமானால் சூடத்தைக் கொளுத்துங்கள், உள்ளங்கையால் அணைத்துக் காட்டுகிறேன். வேண்டாம், இருக்கட்டும். போன கதைக்கு அணைத்த கையே இன்னும் ஆறவில்லை.

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. தனியார் பள்ளி. தாளாளர் ஒரு கரடி, பெயர் ஜம்புலிங்கம். முதலில் தேன் வியாபாரத்தில் இருந்தவர். தேனீக்கள் சங்கம் வைத்து வேலைநிறுத்தம் செய்ததும் மனம் வெறுத்துக் கல்விச் சேவைக்கு வந்துவிட்டார்.

பள்ளி வாசலில் ஒரு புங்கமரம், அதில் ஒரு விளம்பரப் பலகை. 'தேவை: கற்பித்தல் மற்றும் ஆசிரியர் திறன் மேம்பாட்டுக்கான முதுநிலைத் தலைவர்.' பதவியின் பெயர் அவ்வளவு நீளம் என்பதால் பலகையை மரத்தைச் சுற்றி வளைத்து அடித்திருந்தார்கள். படிக்க வேண்டுமானால் மரத்தைச் சுற்றிவர வேண்டும். சுற்றி முடிப்பதற்குள் தொடக்கம் மறந்துபோகும், மறுபடி சுற்ற வேண்டும். ஆட்கள் இப்படிச் சுற்றுவதைப் பார்த்த ஒரு கிழட்டு மான், இது பிள்ளை வரம் கொடுக்கிற மரம்போலும் என்று நினைத்து மஞ்சள் துணி ஒன்றைக் கட்டிவிட்டுப் போயிற்று.

கோமளவல்லி அந்த மரத்தைச் சுற்றியபோது அவள் வயிற்றில் ஏற்கெனவே முட்டைகள் இருந்தன.

கோமளவல்லி ஓர் உடும்பு. ஆற்றங்கரைப் பள்ளியில் ஏறுதல் பாடம் நடத்திப் பெயர் வாங்கியவள். அவளிடம் படித்த ஓணான்கள் எல்லாம் இன்று மிக உயர்ந்த இடத்தில் இருக்கின்றன, பனைமர உச்சியில். வெள்ளத்தில் அந்தப் பள்ளி போயிற்று. போனால் போகட்டும் என்று தன் புற்றில் படுத்திருந்தாள். ஒருநாள் யானை ஒன்று முதுகு அரிக்கிறதென்று அந்தப் புற்றின்மேல் சாய்ந்தது. "மன்னிச்சுக்குங்க டீச்சர், கவனிக்கல" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனது. புற்று போனது போனதுதான்.

உடும்புக்கு முட்டையிடப் புற்று வேண்டும். ஐப்பசி மழை இறங்குவதற்குள் வேண்டும். வெட்டவெளியில் இட்டால் பாதியை மழை கொண்டுபோகும், மீதியைக் கீரி கொண்டுபோகும். அந்தப் பலகையின் கடைசி வரியில், 'தலைவருக்குப் பள்ளி வளாகத்திலேயே காற்றோட்டமான புற்று வழங்கப்படும்' என்று எழுதியிருந்தது. பதவியின் பெயர் கோமளவல்லியின் மனதில் நிற்கவே இல்லை. புற்று நின்றது.

ஜம்புலிங்கம் அவளை வாய் நிறைய வரவேற்றார். "வாங்க மேடம், வாங்க. உங்களை மாதிரி ஆளைத்தான் ரெண்டு வருஷமா தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார். நேர்காணலில் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஓர் அறையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சுழல் நாற்காலி. அடியில் சக்கரம், முதுகுக்குத் திண்டு, மேலே உரித்தெடுக்காத பிளாஸ்டிக் உறை. மேசையில் பெயர்ப்பலகை, பெயருக்கு மட்டும் இடம் காலி.

"இது உங்க சீட்டு மேடம்."

பிறகு ஜன்னல் வழியாகக் காட்டினார். சரிவின் கீழே, வேலி ஓரமாக, ஆளுயரப் புற்று. "அது உங்க குவார்ட்டர்ஸ். உள்ளேயே கறையான் இருக்கு. டிபனுக்கு வெளியே போக வேண்டாம்."

கோமளவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்ப வந்து சேரட்டும் ஐயா?"

"சேர்ந்த மாதிரிதான். நாளைக்கு ஒரே ஒரு டெமோ கிளாஸ் எடுத்துக் காட்டிடுங்க, சம்பிரதாயத்துக்கு. அப்படியே நம்ம வாத்தியாருங்களுக்கும் ஒரு பயிற்சி வகுப்பு. தலைவர்னா ரெண்டும் பார்க்கணும் இல்லையா?"

மறுநாள் வகுப்புக்குள் போனாள். கரும்பலகையில் யாரோ பாதி நடத்திய பாடம் அப்படியே இருந்தது. "இது யார் நடத்தினது?" என்று கேட்டாள்.

முன்வரிசை முயல்குட்டி எழுந்து நின்றது. "போன வாரம் வந்த டெமோ மிஸ். அதுக்கு முந்தின பாடம் ஒரு டெமோ சார். மிஸ், நீங்க ஒரு நாள் டெமோவா, ரெண்டு நாள் டெமோவா?"

"ஏன் கேக்கறே?"

"ரெண்டு நாள்னா நாளைக்கு வீட்டுப்பாடம் காட்டணும். ஒரு நாள்னா எழுதவே வேண்டாம்."

அப்போதே அவளுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். இல்லை. புற்றின் நினைப்பிலேயே இருந்தாள். சுவரில் ஏறிக் காட்டி, நகத்தை எங்கே பதிப்பது, மூச்சை எப்போது இழுப்பது என்று வகுப்பைக் கட்டிப்போட்டுவிட்டாள். பன்றிக்குட்டிகூட முழங்கால் உயரம் ஏறியது. மாலையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அவர்கள் சுண்டல் பொட்டலத்தோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். குரங்கு வாத்தியார் மயில் டீச்சருக்குப் பேன் பார்த்தார். மயில் டீச்சர் கண்ணை மூடி, 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டினார். அது பயிற்சிக்கா பேனுக்கா என்று தெரியவில்லை.

"பிரமாதம் மேடம்" என்றார் ஜம்புலிங்கம். "சொல்லி அனுப்பறோம்."

சொல்லி அனுப்பினார். ஆனால் இன்னொரு டெமோவுக்கு.

"ஆடி மாசத்துல அப்பாயின்ட்மென்ட் போடறதில்ல மேடம். அதுவரைக்கும் சும்மா இருப்பானேன், நாலாம் வகுப்புக்கு ஒரு டெமோ எடுங்களேன்." எடுத்தாள். ஆவணி வந்தது. "இப்ப பாருங்க, காலாண்டுப் பரீட்சை. கேள்வித்தாள் போடறதுல உங்க திறமை எப்படின்னு கமிட்டி பார்க்க ஆசைப்படுது." போட்டாள். திருத்துகிற திறமையையும் கமிட்டி பார்க்க ஆசைப்பட்டது. கமிட்டி என்றால் ஜம்புலிங்கமும் அவர் மச்சினரும். புரட்டாசியில் மகாளய பட்சம் குறுக்கே வந்தது. அதற்குள் ஆண்டுவிழா நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பதும் டெமோவில் சேர்ந்துகொண்டது. கோமளவல்லி வயிற்றைத் தூக்கிக்கொண்டு தினமும் வந்தாள், தினமும் அந்த ஜன்னல் வழியாகப் புற்றைப் பார்த்தாள், போய் வேலியோரம் ஒரு பலாக்கிளையில் படுத்தாள்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் ஏகாம்பரம் தனியாக நின்றிருந்தார். கொக்கு. அந்தப் பள்ளியில் ஆசிரியர்களுக்கு நாற்காலி கிடையாது. அவர் ஒற்றைக்காலில் நின்று பழகியவர் என்பதால் குறை சொன்னதில்லை.

"டீச்சரம்மா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க சார்."

"இந்த வேலை நிரம்பற வேலை இல்லை. விளம்பரம் பண்றதுதான் வேலை. இந்த வருஷம் முதல் பாடத்தை ஒரு எறும்புதின்னி நடத்திட்டுப் போச்சு. ரெண்டாவது பாடம் ஆந்தை, பகல்ல தூக்கம் சொக்கச் சொக்க நடத்தினாரு, பாவம். மூணாவது யாரோ ஒரு ஆமை, இன்னும் வீடு போய்ச் சேர்ந்திருக்காது. ஒவ்வொருத்தரும் தங்ககிட்ட இருக்கறதுல ஒசத்தியான பாடத்தைக் கொண்டாந்து கொட்டிட்டுப் போறாங்க. பசங்க நல்லாத்தான் படிக்கறாங்க. எங்களுக்குச் சுண்டல்."

கோமளவல்லிக்கு நாக்கு வெளியே வந்தது, உள்ளே போயிற்று. "இதை முதல் நாளே சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? நான் சாக்பீஸைத் தொட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. உங்களை வேலைக்கு எடுத்துட்டா மறுநாள் எங்களைத்தானே பாடம் நடத்தச் சொல்லுவீங்க. கோச்சுக்காதீங்க, உங்களுக்குக் கிடைக்கக் கூடாதுன்னு நானும் ஒரு வேண்டுதல் வெச்சிருக்கேன்."

"அப்ப இன்னைக்கு மட்டும் ஏன் சொல்றீங்க?"

ஏகாம்பரம் காலை மாற்றிக்கொண்டார். "வயித்துல முட்டையோட சுவர் ஏறிக் காட்டறீங்க. பார்க்கச் சகிக்கல."

அந்த நேரம் பார்த்து மேற்கே வானம் உறுமியது. ஐப்பசியின் முதல் இடி. கோமளவல்லி நேராக ஜம்புலிங்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

"வாங்க மேடம், நூறு ஆயுசு உங்களுக்கு. அரையாண்டுப் பரீட்சைக்கு ஒரு சின்ன டெமோ..."

"எடுத்துடலாம் ஐயா. அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். ரெண்டு வருஷமா எத்தனையோ பேர் டெமோ காட்டினாங்க. யாராச்சும் அந்த நாற்காலியில உட்கார்ந்து காட்டினாங்களா?"

ஜம்புலிங்கம் யோசித்தார். "இல்லையே."

"பாடம் நடத்தறது வாத்தியார் வேலை. தலைவருக்கு முக்கியமான வேலையே உட்கார்றதுதானே? அதைப் பார்க்காம கமிட்டி எப்படி முடிவு பண்ணும்?"

கரடி தாடையைச் சொறிந்தார். நியாயமாகத்தான் பட்டது. செலவும் இல்லை. "சரி, மாதிரிக்கு உட்காருங்க. பிளாஸ்டிக் கிழியாம."

கோமளவல்லி மெதுவாக ஏறினாள். நான்கு காலையும் நாற்காலியின் நான்கு பக்கமும் பதித்தாள். மூச்சை இழுத்து உடம்பை உப்பவைத்தாள். ஓணான்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறைதான்.

ஜம்புலிங்கம் சற்று நேரம் ரசித்தார். "பேஷ். அம்சமா இருக்கு. போதும், இறங்குங்க."

"இன்னும் டெமோ முடியல ஐயா."

"எப்ப முடியும்?"

"சொல்லி அனுப்பறேன்."

கரடியார் முதலில் சிரித்தார். பிறகு கெஞ்சினார். பிறகு கையைப் பிடித்து இழுத்தார். நாற்காலி சுழன்றது, கரடியும் கூடச் சுழன்றார். குரங்கு வாத்தியாரைக் கூப்பிட்டார், அவரும் சுழன்றார். மயில் டீச்சர் சுழன்றபோது தோகை விரிந்து அறையே கோலாகலமாகிவிட்டது. ஏகாம்பரம் தன் அலகால் ஒரு முனையைப் பிடித்து இழுப்பதுபோல் நின்றார்.

"நாற்காலியை உடைச்சிடலாமா?" என்றார் குரங்கு வாத்தியார்.

"யோவ், அதை வெச்சுத்தான்யா ஆளே வருது" என்றார் ஜம்புலிங்கம். "வேனைக் கூப்பிடு."

அந்தப் பள்ளியில் வேன் என்றால் யானை. குட்டிகளை ஏற்றிக்கொண்டு போய் வீடுவீடாக இறக்கிவிடுகிற யானை. முதுகு அரிப்பெடுத்து அவள் புற்றில் சாய்ந்தது அதுவேதான். உள்ளே தலையை நீட்டியதும் கோமளவல்லியை அடையாளம் கண்டு, "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று விசாரித்தது. பிறகு தும்பிக்கையை அவள் வாலில் சுற்றி ஒரே இழுப்பு.

அவள் வரவில்லை. நாற்காலி வந்தது. நிலைப்படி வந்தது. சக்கரம் வைத்த நாற்காலி வாசலைத் தாண்டியதும் சரிவில் உருளத் தொடங்கியது. பிடித்து நிறுத்தக் கரடி ஓடினார், குரங்கு ஓடினார், தோகையைச் சுருட்டிக்கொண்டு மயில் ஓடினார், யானை அவள் வாலை விட மறந்து பின்னாலேயே பிளிறிக்கொண்டு ஓடியது.

மழைக்கு முன்னால் பிள்ளைகளை அழைத்துப்போக அன்று பெற்றோர் எல்லோரும் வாசலில் திரண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது என்ன? நடுவில் சுழல் நாற்காலி. அதன்மேல் கோமளவல்லி டீச்சர், அசையாமல், கம்பீரமாக. பின்னால் யானை, பக்கத்தில் மயில், முன்னால் மூச்சிரைக்கத் தாளாளரே ஓடிவருகிறார். இதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு.

"நம்ம பள்ளிக்குத் தலைவரைப் போட்டுட்டாங்கப்பா. ஊர்வலம் வருது பாருங்க" என்றது முயல்குட்டியின் அம்மா.

கைதட்டல் கிளம்பியது. ரெண்டு வருஷமாக, 'தலைவர் வந்துகிட்டே இருக்கார்' என்று பெற்றோர் கூட்டம்தோறும் சொல்லிவந்தவர் ஜம்புலிங்கம்தான். யாரோ காட்டுமல்லி மாலை ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள். நாற்காலி சரிவின் கீழே போய், புற்றில் மெத்தென்று மோதி நின்றது.

கரடி மாலையைப் பார்த்தார். பெற்றோரைப் பார்த்தார். கோமளவல்லியைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்து மாலையைப் போட்டார்.

"சேர்ந்துட்டேன் ஐயா" என்றாள் கோமளவல்லி, ஒரு காலைக்கூடத் தளர்த்தாமல்.

பெற்றோர் கலைந்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையிலேயே அவள் நாற்காலியைவிட்டு இறங்கி, புற்றுக்குள் புகுந்து முட்டையிட்டுவிட்டு, நனைந்தபடி திரும்பி நாற்காலியில் ஏறிக்கொண்டாள். நாற்காலியைப் புற்று வாசலிலேயே வைத்து அலுவலகமாக்கிவிட்டார்கள். அறைக்குத் திரும்பத் தூக்கிப்போக யாருக்கும் தெம்பில்லை.

மறுவாரம் ஆசிரியர் கூட்டம். இனி நம்மைப் பாடம் நடத்தச் சொல்வாள் என்று ஏகாம்பரம் நடுங்கிக்கொண்டு, இரண்டு காலிலும் நின்றார்.

கோமளவல்லி தொண்டையைச் செருமினாள். "எனக்கு உதவியா ஒரு துணைத் தலைவர் வேணும். புங்கமரத்துல பலகையைப் புதுசா எழுதி மாட்டுங்க. அஞ்சாம் பாடத்துலேர்ந்து டெமோ ஆரம்பிக்கலாம்."

ஏகாம்பரம் ஒரு காலைத் தூக்கிக்கொண்டார். மயில் டீச்சர் தலையைச் சாய்த்துக் குரங்கு வாத்தியாரிடம் கொடுத்தார். "நிர்வாகம்னா இதுதான் நிர்வாகம்" என்று ஜம்புலிங்கம் முதல்முறையாக மனமாரச் சொன்னார். பலகையின் அடியில் கோமளவல்லியே ஒரு வரி சேர்த்தாள்: 'டெமோ காட்ட வருகிறவர்கள் நின்றுகொண்டே காட்ட வேண்டும்.'

நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை இன்றுவரை யாரும் பிரிக்கவில்லை.

நீதி: வேலை கேட்டுப் போகிற இடத்தில் திறமையைக் காட்டாதே, அதை வாங்கி வைத்துக்கொண்டு உன்னை அனுப்பிவிடுவார்கள். நேரே போய் நாற்காலியில் உட்கார். உட்கார்ந்தவரை எழுப்புவதைவிட மாலை போடுவது எல்லோருக்கும் சுலபம்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யார் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். பேரனுக்கு அந்தப் பள்ளியில்தான் ஒன்றாம் வகுப்பில் இடம் கேட்டிருக்கிறேன். சொல்லி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.