கம்பீரா காத்திருப்போர் குடும்ப நலச் சங்கம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. குடும்ப ஒற்றுமையைக் கண்டுபிடிக்க மட்டும் ஏழு இருக்கை டீசல் வாகனம் விற்பனைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்பு ஜனங்கள் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்பது ஆராய்ச்சிக்கு உரிய விஷயம். பஸ்ஸில் போனார்களாம். ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, நடுவில் மீன் பை என்று போனார்களாம். அதையும் குடும்பம் என்றே சொல்லிக்கொண்டார்களாம், பாவம்.

இந்தப் பேருண்மையைக் குளச்சல் வட்டாரத்தில் முழுமையாக உணர்ந்தவர் கமருதீன். சவூதியில், தம்மாமில் ஏசி கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. 2016-இல் ஊருக்கு வந்தபோது கையில் ஒரு 'குடும்பத் திட்டம்' வைத்திருந்தார். மனைவி ஜொஹரா பேகம், மகள் சுல்ஃபியா, மகன் நிஹால் மூவரையும் கூட்டிக்கொண்டு லீவு முழுக்க ஊர் சுற்றுவது. மாத்தூர் தொட்டிப்பாலம், வட்டக்கோட்டை, முட்டம், எல்லாவற்றுக்கும் மேலாகத் திற்பரப்பு அருவி. வாப்பா தோளில் உட்கார்ந்து அருவிக்குள் போக வேண்டும் என்று நிஹால் போனில் கேட்டுக்கொண்டே இருந்தான். வேறு எதையும் அவன் கேட்கவில்லை. சாக்லேட்கூட வேண்டாம் என்று சொல்லியிருந்தான்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றது. ஜொஹரா லைசென்ஸ் எடுத்து, அதில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு மறுநாளே புறப்பட்டிருக்கலாம். ஆனால் கமருதீன் தொலைநோக்கு உள்ளவர்.

"இந்தத் தீப்பெட்டியிலயா போறது? பாக்குற நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"உள்ள நாலு பேரு இருக்கான்னு சொல்லுவான்," என்றாள் ஜொஹரா.

இப்படிப்பட்ட சிந்தனை வளராத பேச்சுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் நாடு முன்னேறாது. அவர் மச்சானின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனார். அங்கே குளோரி மோட்டார்ஸ் ஷோரூமில், நான்கு பக்கமும் சிவப்புக் கயிறு கட்டி, பளபளவென்று நின்றது ஒரு 'கம்பீரா'. ஏழு இருக்கை. அந்த வருடம் மாவட்டத்தில் பாதிப் பேருக்கு அதன் மேல்தான் கண்.

"இந்த வண்டி வேணும்," என்றார் கமருதீன்.

மேனேஜர் குமாரதாஸ் புன்னகைத்தார். "இது வண்டி இல்ல சார். இது காட்சி."

"அப்போ வண்டி எங்க?"

"வண்டி இல்ல சார். அதனாலதான் காட்சிக்கு வச்சிருக்கோம். உங்களுக்கு எந்தக் கலர் வேணும்?"

"என்ன கலரெல்லாம் இருக்கு?"

"ஒரு கலரும் இல்ல சார். அதனால நீங்க எந்தக் கலரு வேணும்னாலும் கேக்கலாம்."

இவ்வளவு சுதந்திரத்தைக் கமருதீன் எந்தக் கடையிலும் அனுபவித்ததில்லை. வெள்ளை என்றார். பிறகு கறுப்பு என்றார். குமாரதாஸ் இரண்டுக்கும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

"வீட்டுல பழைய வண்டி உண்டா சார்? இன்னைக்கே தந்தா எக்ஸ்சேஞ்ச் போனஸ் உண்டு. நாளைக்குக் கெடையாது."

"புது வண்டி எப்ப வரும்?"

"வரும் சார்."

"அதான், எப்ப?"

"கெடைக்கிற வண்டிய எவன் சார் வாங்குவான்? கெடைக்காத வண்டிக்காக்கும் மதிப்பு. ஒண்ணும் விசாரப்படாண்டாம்."

அன்று சாயங்காலமே கையில் இருந்த காரைக் கொடுத்து, கையில் இல்லாத காரை வாங்கினார் கமருதீன். குளோரி மோட்டார்ஸ் அவருக்கு ஒரு சாவிக்கொத்தும், 'கம்பீரா குடும்பத்துக்கு நல்வரவு' என்று அச்சடித்த குடையும் வழங்கியது. சாவிக்கொத்தில் சாவி இல்லை. ஆனால் கனமாக இருந்தது.

வீட்டில் நிஹால் வாசலுக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தான். "வாப்பா, வண்டி எங்க?"

"வருது மக்கா."

"அப்போ நாளைக்கு அருவிக்கு பஸ்ல போவோமா?"

"பஸ்லயா? கல்ஃப்காரனுக்க பிள்ளையள் பஸ்ல போகுதுன்னு ஊரு சிரிக்காதா? நம்ம வண்டியில போவோம். ஏசி போட்டுப் போவோம்."

ஜொஹரா காலியான கார் ஷெட்டைப் பார்த்தாள். பிறகு குடையைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து கமருதீன் ஷோரூமுக்குப் போகத் தொடங்கினார். வண்டி எந்த நேரமும் வரலாம், வரும்போது உரியவர் எதிரில் இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்பது காத்திருப்போர் மத்தியில் நிலவிய அறிவியல் பூர்வமான நம்பிக்கை. காலையில் போய் சோபாவில் தன் இடத்தில் உட்கார்ந்தால் விற்பனைப் பிரிவு ஸ்மிதா சாயா கொண்டுவருவாள். ஒருநாள் பத்து நிமிஷம் பிந்திப் போனபோது, "என்ன சார், மேலுக்கு வையா?" என்று, உடம்புக்கு முடியவில்லையோ என்ற உண்மையான அக்கறையோடு விசாரித்தாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தம்மாம் கம்பெனியில் இத்தனை வருடத்தில் ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை.

அந்த சோபாவில்தான் அருமனை ரப்பர் வியாபாரி ரசலையன் பழக்கமானார். அவரும் கம்பீராவுக்குக் காத்திருப்பவர், அதிலும் மூத்தவர். "ஓய், தனித்தனியா காத்திருந்தா நம்மள ஒருத்தனும் மதிக்கமாட்டான். சேர்ந்து காத்திருக்கணும்," என்றார். அப்படிப் பிறந்ததுதான் 'கம்பீரா காத்திருப்போர் குடும்ப நலச் சங்கம்'. தலைவர் ரசலையன். வெளிநாட்டு அனுபவத்தைக் கருதிக் கமருதீன் ஒருமனதாகச் செயலாளர் ஆக்கப்பட்டார்.

முதல் கூட்டத்திலேயே வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானங்கள் நிறைவேறின. வண்டி தாமதமாவதைச் சங்கம் வன்மையாகக் கண்டித்தது. சாயாவுக்கு நன்றி தெரிவித்தது. நேந்திரங்காய் சிப்ஸும் வழங்கினால் கண்டனத்தின் வன்மையைக் குறைத்துக்கொள்வது பற்றிப் பரிசீலிக்கலாம் என்றது. சிப்ஸ் உடனே வந்தது, கண்டனம் 'வருத்தம்' என்று திருத்தப்பட்டது. கடைசியாக, உறுப்பினர்களின் குடும்ப நலனை உத்தேசித்து, எல்லாக் கூட்டங்களையும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலேயே வைப்பது என்று முடிவாயிற்று.

ரசலையன் மட்டும் கொஞ்சம் விவரம் இல்லாதவர். சர்ச்சில் ஆராதனை முடிந்த கையோடு மனைவி லீலாபாயையும் பிள்ளைகள் ஷிஜியையும் சிஜோவையும் பழைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்கு வந்துவிடுவார். கூட்டம் முடிந்து அப்படியே கடற்கரைக்குப் போவார்களாம். பழைய ஜீப்பில்! கமருதீன் அவருக்காக மனதுக்குள் வெட்கப்பட்டார்.

லீவு பாதி கரைந்த சமயத்தில் சங்கத்துக்கு ஓர் உளவுத் தகவல் கிடைத்தது. கம்பீரா ஏற்றிய டிரெய்லர் ஒன்று வடக்கிலிருந்து வந்து ஆரல்வாய்மொழியைத் தொடப்போகிறது! செயலாளர் அவசரக் கூட்டம் கூட்டினார். வாடகை வேன் பிடித்து, போகிற வழியில் தோவாளையில் ஆளுயர மாலை வாங்கிக்கொண்டு, காற்றாலைகளுக்குக் கீழே சங்கம் வரிசையாக நின்றது. டிரெய்லர் ஒரு சாயாக்கடை முன்னால் நின்றது. மேலும் கீழுமாக ஆறு கம்பீரா. வடநாட்டு டிரைவரிடம் கமருதீன்தான் தம்மாமில் கற்ற இந்தியில் பேசினார்.

"என்ன சொல்லுகான் ஓய்?" என்று பரபரத்தார் ரசலையன்.

"கொல்லத்துக்குப் போகுதாம்."

எல்லாரும் ஆளுயர மாலையைப் பார்த்தார்கள். பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார். "நமக்கு இல்லாட்டியும் நம்ம வழியாத்தானே போகுது. மாலையப் போடும்."

மாலை போடப்பட்டது. கமருதீன் எக்கி நின்று ஒரு டயரைத் தொட்டார். அவர் கண் கலங்கியது. காற்றில் தூசி என்று சொல்லிக்கொண்டார்.

அந்த நேரத்தில் சுல்ஃபியாவின் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா நடந்துகொண்டிருந்தது. கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கும் படத்தை ஜொஹரா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கமருதீன் 'மாஷா அல்லாஹ்' என்று பதில் போட்டு, கூடவே டயர் படத்தையும் அனுப்பிவைத்தார். தகப்பன் என்றால் தன் மகிழ்ச்சியையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் அல்லவா.

லீவு முடிய ஒரே ஒரு நாள் பாக்கி இருந்தது. காலையில் போன் அடித்தது. "சார், உங்க வண்டி வந்தாச்சு!" என்றாள் ஸ்மிதா. கமருதீன் துள்ளினார். மகளைத் தூக்கப் பார்த்து முடியாமல் மகனைத் தூக்கிச் சுற்றினார். "ரெடியா இருங்க! பத்து மணிக்கு வண்டியோட வாறேன். நேரா திற்பரப்பு!"

நிஹால் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தான்.

வண்டி உண்மையிலேயே வந்திருந்தது. வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை, ஒரு மாதிரி பழுப்பு. கமருதீனுக்கு அதுதான் தன் வாழ்நாள் விருப்பமான நிறம் என்று அப்போது தெரிந்தது. ஆனால் ஒப்படைப்பு விழா இல்லாமல் வண்டியை எடுத்துப்போவது கம்பெனி விதிகளுக்கு முரணானது. மேனேஜர் வரவேற்புரை ஆற்றினார். குடும்பத்தோடு வந்திருந்த தலைவர் ரசலையன் வாழ்த்துரை வழங்கினார். செயலாளர் என்ற முறையில் கமருதீன் தனக்குத் தானே நன்றியுரை சொன்னார். கேக் வந்து சேர மதியம் தாண்டிவிட்டது.

"இனி குடும்பப் போட்டோ மட்டுந்தான் சார்," என்றார் குமாரதாஸ். ஆளுயர அட்டைச் சாவி ஒன்றை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். "குடும்பம் எங்க?"

கமருதீன் வீட்டுக்குப் போன் செய்தார். "ஜொஹரா, ஒரு ஆட்டோ பிடிச்சு பிள்ளையளக் கூட்டிட்டு உடனே ஷோரூமுக்கு வா. போட்டோ எடுக்கணும்."

எதிர்முனையில் ஒரே இரைச்சல். "நாங்க பஸ்ல இருக்கோம். தக்கலை தாண்டியாச்சு."

"பஸ்லயா? ஆரு சொல்லி?"

"புள்ள துண்டோட ரெண்டு மணி வரைக்கும் படியில இருந்தான். அவனப் பாத்து நான்தான் சொன்னேன். இங்கருந்து குலசேகரம், அங்கருந்து திற்பரப்பு. வரணும்னா நேரா அங்க வாங்க."

பின்னாலிருந்து நிஹாலின் குரல் கேட்டது. "வாப்பா! எனக்கு சன்னல் சீட்டு கெடச்சு!"

போன் அடங்கியது. கமருதீன் திகைத்து நின்றார். குடும்பத்துக்காக வண்டி வந்த நாளில் குடும்பம் பஸ்ஸில் போகிறது. இந்தப் பொறுப்பின்மையை என்னவென்று சொல்வது?

"ஓய், சங்கம் எதுக்கு இருக்கு?" என்று முதுகில் தட்டினார் ரசலையன். "லீலா, இங்க வா. சும்மா ஒரு ஒத்தாசைக்கு."

ஸ்மிதா தன் துப்பட்டாவை லீலாபாயின் தலையில் போட்டுவிட்டாள். ஷிஜி ஒரு பக்கம், சிஜோ ஒரு பக்கம். கமருதீனுக்கும் லீலாபாய்க்கும் நடுவே மரியாதைக்கு அட்டைச் சாவி. மச்சான் ஸ்தானத்தில் ரசலையன் ஓரமாக நின்றார். "எல்லாரும் சிரிங்க!" என்றார் குமாரதாஸ். சிரித்தார்கள். 'இனி ஒவ்வொரு பயணமும் குடும்பத்தோடு!' என்ற வாசகத்தோடு படம் அப்போதே ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் பறந்தது.

அதற்குப் பிறகு பார்த்தால் காப்பீட்டுத் தாளில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது, அது முடிய நாலரை ஆயிற்று. இனித் திற்பரப்புக்குப் போனாலும் அருவிப் பக்கம் விடமாட்டார்கள். கமருதீன் நேராக வீட்டுக்கு வந்து, வண்டியை ஷெட்டில் நிறுத்திப் பார்த்தார். வண்டி ஷெட்டைவிட ஒரு முழம் நீளம். மூக்கு தெருவில் நின்றது. அதுவும் நல்லதுதான், தெருவில் போகிறவர்கள் பார்க்கலாம்.

மக்ரிப் பாங்கு சொல்லும் அந்தி நேரத்துக்கு மூன்று பேரும் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தார்கள். தலைமுடி இன்னும் ஈரம். சுல்ஃபியா சிரித்துக்கொண்டே எதையோ சொல்ல, நிஹால் அவளை அடிக்கத் துரத்திக்கொண்டு வந்தான். வண்டியைப் பார்த்ததும் இரண்டு பேரும் நின்றார்கள்.

"ஏறுங்க, ஏறுங்க! ஒரு ரவுண்டு போவோம்!" என்று கமருதீன் கதவுகளைத் திறந்துவிட்டார்.

யாரும் ஏறவில்லை. நிஹால் உம்மாவின் போனை வாங்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். "வாப்பா, இந்தப் பையன் ஆரு?"

"அது சிஜோவாக்கும். ரசலையன் மாமாக்க மவன். மூணாங் கிளாஸ் படிக்கான். கணக்கெல்லாம் நல்லா போடுவான். நாயக் கண்டாத்தான் பயம். ரோட்டுல கொரச்சாப் போதும், ஓடிவந்து எனக்க மடியில ஏறிருவான்." சொல்லும்போதே கமருதீனுக்குச் சிரிப்பு வந்தது.

நிஹால் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நான் எத்தனாங் கிளாஸ் வாப்பா?"

கம்பீராவின் டேங்கில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டிருக்கலாம். தரைக்கும் வண்டிக்கும் எத்தனை இடைவெளி என்று கேட்டிருக்கலாம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

"மூணு," என்றார். பிறகு, "மூணுதானே?" என்றார்.

"நாலு," என்றான் நிஹால். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

ஜொஹரா போனை வாங்கி, அந்தப் படத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். "நல்ல குடும்பம். பொருத்தமாத்தான் இருக்கு," என்றாள். "நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு இவங்களையே ஏத்திட்டுப் போங்க. சிஜோவ முன் சீட்டுல இருத்துங்க. நாங்க பின்னால பஸ்ல வந்து கையக் காட்டிட்டுப் போறோம்."