திட்டாமல் ஒரு வாரம்

கார் பாதி நடைபாதையிலும் பாதி தெருவிலுமாக நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் பயிற்சி மாஸ்டர் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"என்ன மாஸ்டர் எண்ணறீங்க?" என்றார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தலைமை நர்ஸ்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். மூச்சு விடறேன்."

போன வாரம்வரை இப்படியா? 'அது கையா, துடைப்பக்கட்டையா?' என்பதுதான் அவருடைய காலை வணக்கம். மிளகாய் மாஸ்டர் என்றால்தான் ஊருக்கே தெரியும். இந்த மாதம் மட்டும் மூன்று பேர் பாதி வகுப்பில் அழுதுகொண்டே இறங்கிப் போயிருந்தார்கள். பயிற்சிப் பள்ளியின் முதலாளியம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரு புகார் வந்தா, வேற வேலை பாத்துக்குங்க."

வீட்டில் மனைவிதான் வழி சொன்னாள். "கோபம் வந்தா மூணு வரைக்கும் எண்ணுங்க. அப்புறமா வாயைத் திறங்க."

"அதுக்குள்ள வண்டி எங்க போய் நிக்கும்னு தெரியுமா?"

இப்போது தெரிந்துவிட்டது.

அன்று மாலை மனைவி மருந்தை மாற்றினாள். "எண்ண வேணாம். மனசுல படறதைப் பதமா எடுத்துச் சொல்லுங்க, போதும்."

மறுநாள் வண்டி ஒரு செடிவேலியை நோக்கிப் போனது. மாஸ்டர் பதமாகவே ஆரம்பித்தார். "சிஸ்டர், அந்த வேலியைப் பாக்கறப்ப எனக்கு மனசுக்குள்ள லேசா ஒரு கலக்கம்..."

சிஸ்டர் மரியாதையாக முகத்தை அவர் பக்கம் திருப்பினார். "சொல்லுங்க மாஸ்டர், என்ன கலக்கம்?"

மீதியை வேலி சொன்னது. மாஸ்டர் சட்டைக்குள்ளிருந்து இலைகளைப் பொறுக்கி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

மூன்றாம் நாள், குறையே சொல்வதில்லை, பாராட்டு மட்டும்தான் என்று முடிவெடுத்தார். "அருமை சிஸ்டர், அருமை!" என்றார். அந்த உற்சாகத்தில் சிஸ்டர் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் நுழைந்துவிட்டார். எதிரே வந்த லாரிக்காரர் இறங்கி வந்து, மாஸ்டர் மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த அத்தனையையும், ஒன்று விடாமல், மாஸ்டரைப் பார்த்தே சொன்னார்.

மாஸ்டருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. தன் வாயிலிருந்து போகும்போது வெறும் காற்றாக இருந்த சொற்கள், வந்து விழும்போது இப்படியா சுடும்? அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காம் நாள் ஒரு குப்பைத்தொட்டி. சிஸ்டர் குறி பார்த்ததுபோல் நேராக அதை நோக்கிப் போனார்.

"பிரேக், சிஸ்டர்." சத்தமில்லை, சுற்றிவளைப்பில்லை. அவ்வளவுதான்.

தொட்டிக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

மாஸ்டருக்கே நம்ப முடியவில்லை. இவ்வளவு லேசான விஷயத்துக்கா இருபது வருடம் தொண்டையைக் கிழித்துக்கொண்டோம்? அவர் மெதுவாகச் சொன்னார். "போன மாசம் உங்க கையைத் துடைப்பக்கட்டைன்னு சொன்னேன். தப்பு. மன்னிச்சிடுங்க."

சிஸ்டருக்குக் கண் கலங்கியது. "மன்னிப்புக் கேக்கறது இவ்வளவு சுலபமா மாஸ்டர்?" என்றவர், கதவைத் திறந்து இறங்கி, விறுவிறுவென்று நடந்தே போய்விட்டார்.

போச்சு. நாலாவது ஆள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் முதலாளியம்மாவின் எதிரே புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். "சிஸ்டரோட வீட்டுக்காரர். உங்களைத்தான் பாக்கணுமாம்" என்றார் முதலாளியம்மா.

மாஸ்டர் கார் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

வந்தவர் எழுந்து மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முதல் தடவையா நேத்து என்கிட்ட மன்னிப்புக் கேட்டா மாஸ்டர். ஆஸ்பத்திரியில தனக்குக் கீழ வேலை பாக்கற பொண்ணுங்க எல்லார்கிட்டயும் கேக்கப் போறாளாம், இத்தனை நாள் திட்டினதுக்கு. இனிமே வகுப்புக்கு வரமாட்டா."

"ஐயோ, பாதியில விடக் கூடாது சார்!" மாஸ்டர் பதறினார். "அவங்களுக்கு இன்னும் ஸ்டியரிங்கே பிடிபடலையே!"

"திட்டு வாங்கினா எப்படி வலிக்கும்னு தெரிஞ்சுக்கத்தான் உங்ககிட்டயே தேடி வந்து சேர்ந்தா. மத்தபடி, பதினஞ்சு வருஷமா தினமும் என்னைக் கார்ல கொண்டுபோய் ஆபீஸ்ல விடறதே அவதான் மாஸ்டர்."