சைடு ஸ்டாண்டும் உலகச் சந்தையும்

மனிதர்களில் வியூகக்காரர் என்று ஒரு வகை இருக்கிறது. சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் இவர் சுத்தியலைத் தொட மாட்டார். உலக ஆணிச் சந்தை எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் கேட்பார். சென்னையில் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் இவர்கள் கூட்டம் கூட்டமாக வசிப்பதாகக் கேள்வி. எங்கள் செஞ்சியில் ஒருவர்தான் இருக்கிறார். ஒருவரே போதும்.

பெயர் வெங்கடரமணன். காந்தி பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பம். கடையைத் தம்பி கையில் விட்டுவிட்டு, திண்டிவனம் சாலையில் ஒரு ஷெட் போட்டு, சென்னைப் பக்கம் இருக்கும் ஒரு பெரிய பைக் கம்பெனிக்கு சைடு ஸ்டாண்ட் செய்து அனுப்பிக்கொண்டிருந்தார். வண்டியை விட்டு இறங்கும்போது காலால் தள்ளிவிடுவீர்களே, அந்தக் கம்பிதான். அதை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சுடுதண்ணீர்த் தொட்டியில் கழுவி, கறுப்புப் பெயிண்ட் அடித்தால் வேலை முடிந்தது. பற்றவைப்பைச் சேரன் பார்த்துக்கொண்டான். கழுவி பெயிண்ட் அடிக்கும் பகுதி முழுக்க ஷோபனாவும் மற்ற பெண்களும். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அப்போதுதான் பாவிகள் யாரோ அவரைச் சென்னையில் ஒரு கருத்தரங்குக்குக் கூப்பிட்டார்கள்.

'வளரும் நாடுகளின் வாகனத் தொழில்: மேலாண்மை வியூகமும் போட்டித்திறனும்' என்று தலைப்பு. மத்தியானச் சாப்பாடு உண்டு. போனது வெங்கடரமணன், திரும்பி வந்தது வேறு யாரோ. போவதற்கு முன்னால் 'நம்ம ஷெட்' என்றவர், வந்தபின் 'நமது நிறுவனம்' என்றார். லோடு ஏற்றுவதை 'விநியோகச் சங்கிலி' என்றார். டீ குடிக்கப் போகிறவர்களை நிறுத்தி, 'உங்க அடிப்படைத் திறன் இன்னா?' என்று கேட்டார்.

இதெல்லாம் எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃபிளெக்ஸ் பேனர் அச்சடிக்கிறவன் நான். ஊரில் யார் வீட்டுக் குழந்தைக்குக் காது குத்தினாலும், யாருக்குத் தொலைநோக்குப் பார்வை வந்தாலும் முதலில் என் கடைக்குத்தான் தகவல் வரும். வெங்கடரமணனுடைய தொலைநோக்கு மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே போனது. பேனரும் கூடவே நீண்டது. அவர் மனைவி ஜெயசுதாவுக்கு 'மனிதவள இயக்குநர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தேன். அந்த அம்மாவும் அதை உறவுக்காரர் கல்யாணங்களில் சந்தோஷமாகவே நீட்டிக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில் தொட்டியின் ஹீட்டர் கெட்டுப்போனது.

தண்ணீர் சூடாகவில்லை. பிசுக்கு போகவில்லை. பிசுக்கின் மேல் அடித்த பெயிண்ட், முதல் மழையிலேயே சட்டை கழற்றுவதுபோல் கழன்று வந்தது. பைக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி வித்யாஸ்ரீ போன் செய்து, ஸ்டாண்டுகள் துருப்பிடிக்கின்றன என்று சொன்னார். தொட்டிதான் காரணம் என்று ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். வெங்கடரமணனுக்கும் தெரியும். தெரிந்ததைச் செய்துவிட்டால் அப்புறம் என்ன வியூகக்காரர்?

"ஹீட்டர் வாங்கிக் குடுத்துடு சார்" என்றான் சேரன்.

"அது அறிகுறிப்பா, நோய் இல்ல. நம்ம நாட்டு வாகனத் தொழில் ஏன் ஒலகப் போட்டியில பின்தங்குது? எல்லாரும் ஹீட்டரையே பாக்கறதாலதான்."

நோயைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேரையும் ராஜகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போனார். 'வியூக முகாம்' என்று நான்தான் பேனர் அடித்தேன். கட்டுவதற்குக் கூடவே போனேன். லீவு நாளில் வெயிலில் படியேறிக்கொண்டிருந்த பெண்களின் முகத்தில் வியூகம் எதையும் நான் பார்க்கவில்லை. வியர்வையைப் பார்த்தேன். வெங்கடரமணன் நடுவழியில் எல்லாரையும் நிறுத்தி, கீழே கையைக் காட்டினார்.

"அந்த அகழியப் பாருங்க. எதிரி தாண்ட முடியுமா? நம்ம கம்பெனிக்கும் அப்படி ஒரு அகழி வேணும்."

சேரன் கவலையாகக் கேட்டான்: "எங்க சார் தோண்டறது? பின்னால கரண்ட் லைன் போவுது."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "தேசிங்கு ராஜாவப் பாருங்க! கொஞ்சம் ஆள வச்சிக்கினு எம்மாம் பெரிய படைய எதுத்து நின்னாரு! அதான் நம்ம மாடல்."

"அவரு அந்தச் சண்டையில செத்துட்டாரே சார்?" என்றாள் ஷோபனா.

"முடிவப் பாக்காதம்மா. அணுகுமுறையப் பாரு."

கோட்டைக் குரங்குகளுக்குக் கருத்தரங்கு அனுபவம் கிடையாது. அவை நேராக வந்து, நாங்கள் கொண்டுபோயிருந்த புளிசாதப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு, நேராகப் போய்விட்டன.

மழைக்காலம் தொடங்கியதும் வித்யாஸ்ரீ நேரிலேயே வந்தார். வெங்கடரமணன் திரையில் படம் போட்டு சீனாவைக் காட்டினார், தாய்லாந்தைக் காட்டினார், மின்சார வாகனங்களின் எதிர்காலத்தைக் காட்டினார், செஞ்சி எப்படி ஆசியாவின் சைடு ஸ்டாண்ட் தலைநகரமாகும் என்று அம்புக்குறி போட்டு விளக்கினார். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்து முடித்த வித்யாஸ்ரீ எழுந்து, தொட்டியருகே போய்க் கையை உள்ளே விட்டார்.

"தண்ணி ஜில்லுனு இருக்கு சார்."

"மேடம், அது செயல்பாட்டு நிலை. நான் வியூக நிலையில பேசறேன்."

வித்யாஸ்ரீ அடுக்கிலிருந்து ஒரு ஸ்டாண்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். கறுப்புத்தோல் உரிந்து நகத்தோடு வந்தது. கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். அடுத்த வாரம் ஆர்டர் நின்றது. அவலூர்பேட்டையில் இதே மாதிரி ஷெட் வைத்திருக்கும் கோவிந்தசாமி கைக்குப் போய்விட்டது.

கோவிந்தசாமியின் வியூகம் என்ன? நானே ஒரு முறை பேனர் ஆர்டர் பிடிக்கப் போய்க் கேட்டேன். "அதெல்லாம் இன்னாத்துக்குபா? தண்ணி கொதிக்குது, வண்டி போவுது" என்று சொல்லி என்னையும் அனுப்பிவிட்டார். வளரும் நாட்டில் இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு நான் எப்படித் தொழில் நடத்துவது?

ஆர்டர் நின்ற செய்தி வந்த அன்று புதுத் தொலைநோக்கை மாட்ட நான் ஷெட்டுக்குப் போயிருந்தேன். மெஷின்கள் ஓயாமல் ஓடும் இடத்தில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. வெங்கடரமணன் வெண்பலகை முன் நின்று, மாற்றம் என்பது ஒரு வாய்ப்பு என்று ஆரம்பித்தார். ஷோபனா முந்தானையில் கையைத் துடைத்தபடி முன்னால் வந்தாள்.

"சார், வாய்ப்பெல்லாம் இருக்கட்டும். நாளைலேர்ந்து நாங்க வர்றதா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க. எம் பொண்ண இப்பதான் காலேஜ்ல சேத்திருக்கேன்."

அவர் வெண்பலகையைத் திரும்பிப் பார்த்தார். கருத்தரங்கில் இதற்கு ஒரு படம் போட்டிருக்கவில்லை போலிருக்கிறது. பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கண் கலங்கியிருந்தது. கேலிக்காரனுக்கும் சில நேரம் பார்வையைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் பேனரைச் சுருட்டினேன்.

ஜெயசுதா அன்றைக்குத்தான் முதல்முறையாக ஷெட்டுக்குள் முழுதாக நடந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார். மறுநாள் காலை பஸ்ஸேறி விழுப்புரம் போய் ஹீட்டரோடும், அதை மாட்டுவதற்கு ஓர் ஆளோடும் திரும்பினார்.

"ஒரு ஹீட்டர மாத்திட்டா ஒலகப் போட்டிய ஜெயிச்சிடலாமா சுதா?" என்று பரிதாபமாகக் கேட்டார் கணவர்.

"ஒலகத்த அப்பறம் ஜெயிச்சிக்கலாங்க. மொதல்ல பெயிண்ட் ஒட்டட்டும்."

பெயிண்ட் ஒட்டியது. ஜெயசுதா வித்யாஸ்ரீயை அழைத்து, வந்து கையை விட்டுப் பாருங்கள் என்றார். அவர் வந்து விட்டுப் பார்த்தார், சுட்டுக்கொண்டு சிரித்தார். ஒருவரையே நம்பியிருக்க வேண்டாம் என்று கம்பெனியும் யோசித்துக்கொண்டிருந்ததால், பாதி ஆர்டர் திரும்பியது. மறுபாதி அவலூர்பேட்டையிலேயே தங்கிவிட்டது. சேரனும் அங்கேயே தங்கிவிட்டான். ஆர்டர் நின்ற வாரமே கோவிந்தசாமி அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். ஷோபனா வந்தாள். மற்ற பெண்களில் பாதிப்பேர் வந்தார்கள்.

ஆனால் வியூகக்காரரை என்ன செய்வது? முதல் லோடு கிளம்பும் முன்பே லாரியை நிறுத்தி, தன் கம்பெனியின் பெயரை 'இயங்குதிறன் தீர்வுகள்' என்று மாற்றலாமா என்று கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலமே ஜெயசுதா என் கடைக்கு வந்தார்.

"அவருக்கு ஒரு பேர்ப்பலகை அடிக்கணும். 'தலைமை வியூக அதிகாரி'. எழுத்து நல்லாப் பெருசா, கதவு முழுக்க வரணும்."

"எந்தக் கதவும்மா?"

"ஷெட்டுக்குப் பின்னால தனியா ஒரு ரூம் இருக்குதில்ல? அதுக்கு ஏசி போட்டாச்சு. எழுதிப் பாக்கப் பெரிய வெள்ளப் பலகையும் மாட்டியாச்சு. தொட்டிச் சத்தம் கேக்காது."

பதவி உயர்வை வெங்கடரமணன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். என்னிடமும் வந்து சொன்னார்: "தெனப்படி வேலைய சுதா பாத்துக்கட்டும். என்ன மாதிரி ஆளு தொட்டிகிட்ட நின்னா நாடு எப்ப முன்னேறும்?" இப்போது உள்ளே அவர் ஆப்பிரிக்கச் சந்தையைக் கைப்பற்றிக்கொண்டிருக்கிறார். வெளியே ஸ்டாண்டுகள் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்கின்றன. இரு தரப்புக்கும் இவ்வளவு நிம்மதியான ஏற்பாட்டை நான் எந்தத் தொழிலிலும் பார்த்ததில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சமீபத்தில் உங்களுக்கும் ஒரு பதவி உயர்வு வந்ததா? அறை கொஞ்சம் ஒதுக்குப்புறமாக இருக்கிறதா? 'இந்தச் சின்ன விஷயத்துக்கெல்லாம் உங்கள எதுக்கு சார் தொந்தரவு பண்ணணும்' என்று யாராவது அடிக்கடி அன்போடு சொல்கிறார்களா? எதற்கும் உங்கள் பெயர்ப்பலகையை அடிக்கச் சொன்னது யார் என்று விசாரித்து வையுங்கள். இந்த மாதம் மட்டும் அதே பெரிய எழுத்தில் நிறைய பலகைகள் என் கடையிலிருந்து போயிருக்கின்றன. உங்கள் பெயரைக்கூட எங்கேயோ ஒட்டின மாதிரிதான் இருக்கிறது.