சும்மா திறந்து வைப்பவர்

படுக்கையறையிலிருந்து ஓர் இரைச்சல் விடாமல் வந்துகொண்டிருந்தது. ஞாயிறு காலை. சமையலறை மேசையில் காபியும் ஏலக்காய் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்த ஹென்னிங்குக்கு அது தன் மடிக்கணினியின் விசிறி என்று தெரியும். தெரிந்தும் இன்னொரு ரொட்டியை எடுத்தான்.

"நாலு நாளா இப்படித்தான் கத்துது," என்றாள் மனைவி இல்வா.

"அது வேலை செய்யுது."

"இந்த வீட்ல அது ஒண்ணாவது செய்யுதே."

வாசகரே, இவனை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 'சும்மா திறந்து வைப்பவர்' என்ற இனத்தில் முழு வளர்ச்சியடைந்த ஒருவன் இவன். இணையதளம் கட்டுவது இந்த இனத்தின் தொழில். கட்டும்போது தாங்கள் மட்டும் பார்த்துக்கொள்ள, தங்கள் கணினிக்குள்ளேயே ஒரு சோதனை சர்வரை ஓட்டுவார்கள். அது ஒரு பட்டறை. அதற்குப் பூட்டு கிடையாது, காவல் கிடையாது, வந்தவரை யாரென்று கேட்கத் தெரியாது. எங்காவது தடுக்கி விழுந்தால், கட்டுகிறவருக்கு உதவட்டுமே என்ற நல்லெண்ணத்தில், உள்ளே இருக்கும் கடவுச்சொல், கோப்பு, பட்டியல் எல்லாவற்றையும் வந்தவர் முன்னால் கொட்டிவிடும். அந்த ஒரு கணினியோடு இருக்கும்வரை அது நல்ல பிள்ளை. யாராவது ஒருவர் 'எனக்கும் காட்டேன்' என்று கேட்க வேண்டியதுதான், நம்மவர் ஒரே ஒரு வரியை மாற்றி உலகத்துக்கே அதைத் திறந்துவிடுவார். அஞ்சு நிமிஷம்தானே, பார்த்துவிட்டு மூடிவிடலாம்.

எத்தனை பேர் மூடியிருக்கிறார்கள்?

இத்தனைக்கும் இவன் அசட்டையான ஆள் இல்லை. சைக்கிளுக்கு இரண்டு பூட்டு. கிடங்கறையில் கிடக்கும் உடைந்த பனிச்சறுக்குக் கட்டைக்கும் ஒரு பூட்டு.

ஸ்வீடனின் நோர்ஷோப்பிங் நகரில் இவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் நாற்பத்தொரு வீடுகள், நிலவறையில் ஒரே ஒரு சலவை அறை. யாருக்கு எந்த நேரம் என்பதில் பேச்சுவார்த்தை முறித்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அந்த முன்பதிவை இணையத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத் தலைவி குன்னெல் கேட்டபோது ஹென்னிங்குக்குப் பெருமை பிடிபடவில்லை. சோதனைக்குப் பத்துப் பொய்ப் பெயர்களை எழுதியிருக்கலாம். நிஜப் பெயர்கள் இருந்தால்தான் பார்க்க அழகு என்று சங்கத்தின் பட்டியலை அப்படியே வாங்கி உள்ளே போட்டான். புதன்கிழமை குன்னெல் தன் கைபேசியில் பார்ப்பதற்காகத் திறந்துவிட்டான். பார்த்தாள். பக்கத்தின் அந்த நீல நிறம் சோகமாக இருக்கிறது என்றாள். அவ்வளவுதான், நீலத்தைப் பற்றிய கவலையில் மூடுவது மறந்துபோனது.

பட்டியலில் இருப்பது ஊராரின் விவரமாயிற்றே என்று இல்வா அன்றைக்கே கேட்டாள். அதற்கும் பதில் வைத்திருந்தான்: "இந்த நாட்ல யாரு எங்க இருக்காங்கன்னு யாரு வேணா தேடிக்கலாம். பொறந்த நாள்கூடக் கிடைக்கும். இதுல ரகசியம் எங்க இருக்கு?"

நியாயமான பேச்சு. நாற்பது வீடுகளுக்குப் பொருந்துகிற நியாயம்.

நாற்பத்தொன்றாவது வீட்டுக்காரி இப்போது வாசல் மணியை அடித்தாள். கீழ்த்தளத்தில் மூன்று வருஷமாகத் தனியாக இருப்பவள். அவள் கதவில் 'ஏக்' என்று ஒரு குடும்பப் பெயர் மட்டும் எழுதியிருக்கும். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தலையசைப்பாள், நிற்க மாட்டாள். இன்று உள்ளே வந்தாள். அந்த நேரத்திலும் பழக்கம் விடாமல் காலணியைக் கழற்றிவிட்டு, காலுறையோடு நின்று கைபேசியை நீட்டினாள்.

ஞாயிறுதோறும் அவள் தன் நிஜப் பெயரை இணையத்தில் தேடிப் பார்ப்பாளாம். ஆறு வருஷமாக ஒன்றும் வந்ததில்லை. இன்று வந்திருந்தது: திய்ரா ஹால்வார்சன், தெரு, கீழ்த்தளம், செவ்வாய் மாலை ஏழு முதல் பத்து வரை சலவை அறை.

"இதை மூடுங்க," என்றாள்.

ஹென்னிங் ஓடினான். இரைச்சல் நின்றது. திரும்பி வந்து, இந்த இனத்தின் மிக மோசமான பழக்கத்தை ஆரம்பித்தான். விளக்கம் சொன்னான்.

"மூடிட்டேங்க. அது நிஜத் தளம் இல்ல. வெறும் சோதனைக்குத்தான்."

"அதில இருக்கிற நான் நிஜம்தானே."

பேருந்து நேரம் சொல்வதுபோன்ற குரலில் மீதியைச் சொன்னாள். முன்னாள் கணவன் இரண்டு முறை அவளைக் கண்டுபிடித்திருக்கிறான். இரண்டாம் முறை அவள் ஐந்து வாரம் மருத்துவமனையில் கிடந்தாள். அதன்பின் அரசாங்கமே அவள் முகவரியை எல்லாப் பதிவேடுகளிலிருந்தும் மறைத்துக் கொடுத்தது. சங்கத்தின் ஒப்பந்தத்தில் மட்டும் நிஜப் பெயர் தேவைப்பட்டது. அது குன்னெல் ஒருத்திக்குத்தான் தெரியும். பட்டியலைக் கொடுத்தபோது குன்னெலுக்கு அது நினைவிலேயே இல்லை.

தேடுபொறி எடுத்துவைத்திருக்கும் நகலை நீக்கச் சொல்லி இப்போதே எழுதுவதாகவும், இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடுவார்கள் என்றும் ஹென்னிங் தடுமாறினான்.

"அவன் பார்க்கிறதுக்கு அஞ்சு நிமிஷம் போதும்," என்றாள்.

இன்றே கிளம்பச் சொல்லிவிட்டது போலீஸ். மூன்று மணிக்கு வண்டி. அடுத்த மாதம் தேவாலயப் பாடகர் குழுவில் முதன்முறையாகத் தனித்துப் பாட இருந்தாளாம். அவர்களிடம் விடைபெறக்கூட அனுமதி இல்லை. இல்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி ஊற்றினாள். திய்ரா அதைத் தொடவில்லை. வாசலுக்குப் போய்க் குனிந்தாள்.

அவள் காலணி நாடாவைக் கட்டி முடிப்பதற்குள் உங்களிடம் ஒரு வார்த்தை. ஹென்னிங்கை முறைக்கிறீர்கள், சரிதான். நான் கணினிக்காரனே இல்லையே என்றும் சொல்வீர்கள். அப்படியானால் நாற்பது பேரின் பெயரும் எண்ணும் வீட்டு விலாசமும் போட்ட அந்தச் சுற்றுலாப் பட்டியலை, இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம் என்று வைத்துச் சுற்றுக்கு விட்டது யார்? சுற்றுலா முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. போய்ப் பாருங்கள். நான் எங்கும் போக மாட்டேன்.

ஹென்னிங் அவள் பின்னாலேயே வாசலுக்கு வந்தான். "பெட்டி தூக்க நான் வர்றேங்க. காரும் இருக்கு. எங்க கொண்டுபோய் விடணும்னு மட்டும் சொல்லுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"அதை உங்ககிட்டச் சொல்லக் கூடாது," என்றாள். வெளியே போய், கதவைத் தானே சாத்தினாள்.