வெளிச்சம் கேட்டு வந்தவர்

"ஏசியைப் போடுங்கன்னா போடுங்க!"

"போட்டா பேட்டரி..."

"பேட்டரிக்குக் காய்ச்சல்னா நான் வேகணுமா?"

"காய்ச்சல் இல்ல இந்திஸார், சூடு! திரையில செவப்பா காட்டுது பாரு. நீ கத்தினா உள்ள இன்னும் சூடேறும்."

"அப்ப நூத்திநாப்பதுல ஓட்டினப்போ ஏறலையா?"

ஃபவ்வாஸ் மனைவி பக்கம் திரும்பாமல் ஜன்னலை முழுசாக இறக்கினார். கத்ரானா ஊரைத் தாண்டித் தெற்கே ஓடும் பாலைவன நெடுஞ்சாலையில் அனல் திறந்த ஜன்னல் வழியாக வந்து அவர் முகத்தில் அறைந்தது. ஜரிகை மேலங்கியைக் கழற்றவும் மனம் வரவில்லை. முப்பது வருஷமாகப் பெண் கேட்கப் போகும் கூட்டங்களில் பின்வரிசை நாற்காலிதான் அவருக்கு. இன்று அவர் தங்கை மகனுக்கு மஆன் ஊரில் பெண் கேட்கிறார்கள். வழக்கமாகக் கூட்டத்தின் சார்பில் பெண் கேட்டுப் பேசும் பெரியவர் நேற்றுதான் பல் பிடுங்கிக்கொண்டார். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசப்போவது ஃபவ்வாஸ்.

சும்மா போயிருக்கலாம். அம்மானில் கிளம்பும்போது தங்கை புருஷனிடம், "உங்க பெட்ரோல் புகையில நான் வரமாட்டேன் மாப்ள. மஆன் ரோட்டுப் பிரிவுல உங்களுக்கு முன்னாடி நிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டார். வாங்கி மூன்று வாரமே ஆன மின்சாரக் கார். பின்னால் இருபது கார்கள்.

"பேச்சாவது ஞாபகம் இருக்கா?" என்றாள் இந்திஸார். "காப்பி குடுத்த உடனே குடிச்சு வெச்சுராதீங்க."

"எனக்கே பாடமா? கப்பைக் கீழ வெக்கணும். கேட்டதக் குடுத்தேன்னு பொண்ணு வீட்டுக்காரர் வாயால சொல்ற வரைக்கும் தொடக் கூடாது."

வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேகச் சார்ஜர் இருந்தது. இருபது நிமிஷத்தில் முடியும் என்று சொல்லித்தான் காரை விற்றிருந்தார்கள். சொருகினார். இரண்டு மணி நேரம் என்று காட்டியது.

"மிஷின் கெட்டுப்போச்சு."

பக்கத்தில் நிழலில் உட்கார்ந்திருந்த லாரிக்காரர், "மிஷின் நல்லாத்தான் இருக்கு ஹாஜியாரே. பேட்டரி கொதிக்குது. அதான் அது சொட்டுச் சொட்டா குடுக்குது" என்றார்.

ஃபவ்வாஸ் குடிக்க வைத்திருந்த ஆறு பாட்டில் தண்ணீரையும் எடுத்து முன்பக்க மூடிமேல் ஊற்றினார். ஆவி பறந்தது.

"பேட்டரி அடியில இருக்கு ஹாஜியாரே. நீங்க குளிப்பாட்டினது தகரத்த."

பெட்ரோல் போட வந்த நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. நிழலில் நிறுத்தி அரை மணி ஆறவிட்டிருந்தால் முடிந்திருக்கும். ஃபவ்வாஸ் ஒயரைப் பிடுங்கினார்.

"ஓடுற காத்துல தானா ஆறிடும்."

"பதினோரு சதவீதம்தான் இருக்கு!"

"ஏறு."

போகும் வழியில் தங்கை புருஷன் போன் செய்தார். "மச்சான், எங்க இருக்கீங்க?"

"பிரிவுக்கு வந்தாச்சு மாப்ள. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

இந்திஸார் வெளியே மணலைப் பார்த்துக்கொண்டாள்.

பிரிவுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் கார் நடக்க ஆரம்பித்தது. கழுதையில் போன ஒருவன் கை காட்டிவிட்டு முந்திப் போனான். சாலையோரமாக ஒரு வீடு தெரிந்தது. அதன் வாசல் வரை உருண்டு நின்றுவிட்டது.

கை முழுக்க மாவோடு ஒரு பெண் வெளியே வந்தாள்.

"ஏம்மா, வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?"

"அப்பா வர்றாரு. பேட்டரி சூடா? உடனே சொருகாதீங்க மாமா, முதல்ல நிழலுக்குத் தள்ளிடலாம்."

"எனக்குத் தெரியாதா? நீ போய் மாவைப் பெசை."

அவள் பின்னால் நின்று தள்ளினாள். மேலங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஃபவ்வாஸும் தள்ளினார். நிழலுக்குப் போனதும் குரலைத் தாழ்த்தி, "நான் வண்டி தள்ளினத யார்கிட்டயும் சொல்லிராதம்மா" என்றார்.

"சுவரோரமா எதுக்கு இத்தனை நாற்காலி?" என்றாள் இந்திஸார்.

"உனக்கெதுக்கு? உள்ள போ."

அவள் பெண்கள் பக்கம் போனாள். வீட்டுக்காரர் வந்து ஃபவ்வாஸைக் கூடத்தில் உட்கார வைத்தார். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. வந்த விருந்தாளியிடம் அதையெல்லாம் கேட்டால் அங்கே அசிங்கம். காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

முன்பின் தெரியாத வீட்டில் எப்படிக் கரண்ட் கேட்பது? அம்மானில் என்றால் காசை நீட்டிக் கேட்கலாம். இங்கே நீட்டினால் அடிதான் விழும். காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்த கை, கப்பை மெல்லக் கீழே வைத்தது.

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேளுங்க. என் வீட்டுல இருக்கறது எதுவானாலும் சரி."

ஃபவ்வாஸ் வாயைத் திறந்தார். ஒத்திகை பார்த்ததுதான் வந்தது.

"தலை குனியாத குலம் எங்கள் குலம். இன்று உங்கள் வாசலில் தலை குனிந்து நிற்கிறோம். உங்கள் வீட்டு வெளிச்சத்தைத் தாருங்கள், எங்கள் இருட்டு விலகட்டும். கண்ணின் மணியாகக் காப்போம்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அதாவது... ஒரு ப்ளக் பாயிண்ட்."

வீட்டுக்காரர் தாடியைத் தடவினார்.

"குடிங்க காப்பிய. கேட்டது கெடச்சாச்சு."

மாவுக்கைப் பெண்தான் ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துச் சொருகினாள். அவள் தோள் குலுங்கியதை ஃபவ்வாஸ் இருமல் என்று எடுத்துக்கொண்டார். எதிர் ஜன்னலில் இந்திஸார் இரண்டு கையையும் வெறிபிடித்தவள்போல ஆட்டினாள். காப்பி எப்படி என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, அவரும் நல்லாயிருக்கு என்று தலையாட்டினார்.

கால் மணி நேரத்தில் ஹாரன் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, இருபது. வரிசையாகக் கார்கள் முற்றத்துக்குள் நுழைந்தன. முதலில் இறங்கிய தங்கை புருஷன் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

"மச்சான்! பிரிவு வரைக்கும் போய்த் தேடிட்டுத் திரும்பி வர்றோம், நீங்க பொண்ணு வீட்டுக்கே வந்துட்டீங்களே! சொன்ன மாதிரியே எங்களுக்கு முன்னாடி!"

ஃபவ்வாஸ் அவரை விலக்கிப் பிடித்தார். "எந்த... வீடு?"

நாற்காலிகள் விரிந்தன. அறுபது பேர் உட்கார்ந்தார்கள். முன்வரிசை நடுவில், அவர் முப்பது வருஷமாகக் கனவு கண்ட நாற்காலியில், ஃபவ்வாஸை உட்கார வைத்தார்கள். காப்பி வந்தது. கப்பைக் கீழே வைத்தார். அறுபது தலை அவர் பக்கம் திரும்பியது. எதிரே வீட்டுக்காரர் முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை.

புதிதாக ஒரு வரி வராதா என்று மூளையைத் தோண்டினார். வெறும் மணல்.

"தலை குனியாத குலம்..." என்று ஆரம்பித்தார். "...உங்கள் வீட்டு வெளிச்சத்தைத் தாருங்கள். எங்கள் இருட்டு விலகட்டும். கண்ணின்... கண்ணின் மணியாகக் காப்போம்."

அறுபது பேரும் "ஆமீன்" என்றார்கள். வீட்டுக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், உள்கதவின் திரைக்குப் பின்னாலிருந்து அந்த மாவுக்கைப் பெண்ணின் குரல் கேட்டது.

"அப்பா, ப்ளக் பாயிண்ட்டுக்கும் இதே பேச்சத்தான் பேசினாரு. எனக்குன்னு தனியா ஒண்ணும் இல்லையாமா?"