சவரிமேரியின் அரைகுறை மிதியடி

மிதியடி என்றால் தரையோடு படிந்து கிடக்க வேண்டும். மரியலூர்து இரண்டு நாளாக உட்கார்ந்து பின்னிய மிதியடியோ ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு, வடைச்சட்டி மாதிரி கூடத்தின் நடுவில் இருந்தது. ஏறி நின்று மிதித்தார். படிந்தது. இறங்கினார். மறுபடியும் சட்டியானது.

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் கரும்பு வண்டிகளை எடை போட்டு ஓய்வு பெற்றவர். வண்டியைப் பார்த்தே எத்தனை டன் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு கந்தல் வட்டம் அடங்க மாட்டேன் என்றது.

அது அவர் தொடங்கிய மிதியடியும் அல்ல. மனைவி சவரிமேரி கிழிந்த வேட்டியையும் பழைய நைட்டியையும் நாடா நாடாகக் கிழித்து, சடை பின்னி, வட்டமாகச் சுருட்டித் தைத்துப் பாதிவரை கொண்டுவந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சித்திரை வெக்கையிலும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, மிதியடியை மடியில் வைத்தபடி, "இத நான் முடிப்பேனான்னு தெரியலீங்க" என்றாள்.

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முடிக்காட்டி என்ன, குடியா முழுவிடப் போவுது?" என்றார்.

சவரிமேரி மிதியடியைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். மறுநாள் காலை, சிதம்பரத்தில் மகள் ஜான்சி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறிவிட்டாள்.

அந்த இரண்டு நாள் நாலாகிவிட்டது. போன் போட்டால் மகள்தான் எடுத்தாள். அம்மா குளிக்கிறாங்க என்பாள், அம்மா தூங்குறாங்க என்பாள். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பாள்? கோபம்தான், சந்தேகமில்லை என்று முடிவுகட்டினார். முப்பத்தாறு வருஷத்தில் அவள் கோபித்துக்கொண்டு போனதே கிடையாது. அந்த ஒரு வார்த்தையை விழுங்கித் தொலைத்திருக்கலாமே என்று அவர் நினைக்காத நேரமில்லை.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கப்பட்ட வாயல்ல அது. அவள் திரும்பி வரும்போது மிதியடி முடிந்து வாசலில் கிடக்க வேண்டும், அவள் அதில் கால் வைக்க வேண்டும், அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார்.

துணிதான் போதவில்லை. தேடியதில், டிரங்குப் பெட்டியின் அடியில் பேப்பர் சுற்றி, அந்துருண்டை போட்டு, ஒரு சந்தனக் கலர் புடவை கிடைத்தது. அவள் அதைக் கட்டி இவர் பார்த்ததில்லை. பிடிக்காத புடவை போலிருக்கிறது என்று நீளவாக்கில் இருபத்திநாலு நாடாவாகக் கிழித்துப்போட்டார்.

இறுக்கிப் பின்னினால் உறுதி என்று இறுக்கியதில் சட்டியானது. சுற்றிலும் தளர்வாகக் குரோஷா ஊசியால் ஒரு வரிசை போட்டால் படிந்துவிடும் என்று போட்டார். சட்டி சட்டியாகவே இருக்க, அதன் ஓரம் அப்பளமாக நெளிந்தது. கடைசியில் கோணிச்சாக்கின்மேல் வைத்துத் தைத்து, மிச்ச நாடாக்களைச் சாக்கில் குத்தி இழுத்து முடிச்சுப் போட்டார். இப்போது சட்டிக்குத் தாடியும் முளைத்தது.

அந்த நேரம் பார்த்து, இந்த வாரம் தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் யார் வீட்டில் என்று கேட்க பக்கத்து வீட்டு ஜோதி மேரி வந்தாள். தாடியைக் கையில் எடுத்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, இது அக்காவோட கடைசிப் பொடவையாச்சே. என்னைச் சவப்பெட்டியில வெக்கறப்ப இதத்தான் கட்டிவுடணும்னு போன மாசந்தான் எங்கிட்ட காட்டுனாங்க."

அப்படி ஒரு புடவையை எடுத்துவைக்கும் பெண்கள் அந்தக் கோவில் பங்கில் உண்டுதான். ஆனால் அவர்களெல்லாம் எழுபதைத் தாண்டியவர்கள். சவரிமேரிக்கு ஐம்பத்தெட்டு.

"நல்லா இருக்கறவளுக்கு எதுக்கு இப்பவே?" என்றார்.

ஜோதி மேரி சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தாள். தனக்குத் தெரியாது என்று முணுமுணுத்துவிட்டு, வந்த விஷயத்தைக் கேட்காமலே போய்விட்டாள்.

மரியலூர்து ஏற்கெனவே பேசிய பேச்சு போதாதென்று, அவள் கடைசியாகக் கட்ட வைத்திருந்த புடவையையும் கிழித்து வைத்திருக்கிறார். மிதியடியை முடிச்சு முடிச்சாகப் பிரித்தார். அவர் கைவேலை எல்லாம் போனதும், சவரிமேரி பின்னிய பாதி மட்டும் தரையோடு அழகாகப் படிந்து கிடந்தது.

நாடாக்களை இஸ்திரி போடலாம் என்றால், கரண்ட் போனால் நாலு மணி நேரம் வராத வருஷம் அது. மெத்தைக்கடியில் பரப்பி, மேலே படுத்துப் புரண்டார். பிறகு அவளுடைய தையல் மிஷினில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டித் தைத்தார். ஒவ்வொரு தையலும் ஒரு விரற்கடைத் துணியைத் தின்றது. சனிக்கிழமை சாயங்காலம் புடவை முழுசாகிவிட்டது. இடுப்பில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். முழங்காலோடு நின்றது.

பரலோக வாசலில் சாவியோடு நிற்கும் இராயப்பருக்கு முன்னால் சவரிமேரி முழங்கால் தெரிய நிற்பதை நினைத்தார். வேறு ஒருத்தர் வீட்டுக் கதையாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இப்போது அழுகைதான் வந்தது. முடிப்பேனா தெரியவில்லை என்று அன்றைக்கு அவள் சொன்னாளே, நிமிர்ந்து முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

போன் அடித்தது. மருமகன் லூயிஸ். அத்தையைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன், ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றான்.

"இன்னும் கோவமா இருக்காளாப்பா?" என்று கேட்டார் மரியலூர்து. கையில் இன்னும் புடவை இருந்தது.

"கோவமா? கழுத்துக் கட்டிய டெஸ்ட் பண்ணதுல பயப்பட ஒண்ணுமில்லன்னு இன்னிக்குத்தான் மாமா டாக்டர் சொன்னாரு. பெட்டி அடியில இருக்கற சந்தனக் கலர் பொடவை இப்போதைக்குத் தேவைப்படாதாம், நீங்க அத நாடா நாடா கிழிச்சு வெச்சீங்கன்னா வந்து மிதியடிய முடிச்சிடறேன்னு அத்தை சொல்லச் சொன்னாங்க."